ஐப்பசியில் வாருங்கள்: வடசென்னைப் பூங்காவின் காலை உடற்பயிற்சிக் குழுவில் புதிதாகச் சேருபவர்களுக்கு

"மழை விடட்டும்க்கா, தை பொறந்ததும் வர்றேன்" என்று சொல்பவர்கள் எங்கள் தெருவில் வருடா வருடம் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். தைக்குக் காத்திருக்காதீர்கள், இப்போதே வாருங்கள். தை மாதம் பூங்காவில் கூட்டம் அம்மும். ஐம்பது அறுபது பேர் வரிசை கட்டி நிற்கும்போது புதிதாக வந்தவரை யாருக்கும் அடையாளம் தெரியாது. நாலு நாள் வருவார்கள், ஐந்தாம் நாள் நின்றுவிடுவார்கள், யாரும் தேட மாட்டார்கள். மழைக்காலத்தில் அப்படி நடக்காது. பன்னிரண்டு பேர், பதினைந்து பேர்தான் வருவோம். மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் ஒரே கூரைக்கு அடியில் ஒதுங்கியாக வேண்டும். மூன்றாம் நாளே உங்கள் பெயர், தெரு, முழங்கால் வலி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நானும் ஓர் ஐப்பசியில் சேர்ந்தவள்தான். பெரம்பூர் பக்கம் ஒரு மாநகராட்சிப் பூங்கா. சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். தனியாக நடக்கத் தொடங்கி இரண்டு முறை பாதியில் விட்டவள், குழுவில் சேர்ந்த பிறகு இத்தனை வருடமாக விடவில்லை. எனக்கு மன உறுதி திடீரென்று வந்துவிடவில்லை. வராத நாளில் "இன்னாம்மா, ஆளையே காணோம்?" என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு ஆளாகும் இடத்துக்கு நீங்கள் எப்படி வந்து சேருவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்தப் பூங்கா?

வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ளது. அதைவிடப் பெரிய தகுதி வேண்டாம். பெரம்பூர் மேம்பாலத்தை ஒட்டி முரசொலி மாறன் பூங்கா இருக்கிறது, ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது, அதுபோகப் பெரிய பெயர் இல்லாத சின்னச் சின்ன மாநகராட்சிப் பூங்காக்கள் கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று எங்கும் இருக்கின்றன. மழைக்காலத்துக்குப் பூங்கா தேடும்போது இரண்டு விஷயம் பாருங்கள். போகிற வழியில் சுரங்கப்பாதை இருக்கக் கூடாது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்ற கதை நம் ஏரியாவில் எல்லோருக்கும் தெரியும். அடுத்தது, பூங்காவுக்குள் கூரை போட்ட இடம் ஒன்றாவது இருக்க வேண்டும். யோகா மண்டபமோ, வட்டமான நிழற்கூடமோ, எதுவானாலும் சரி.

ராபின்சன் பூங்கா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் அங்கேதான் நடந்தது, கொட்டும் மழையில். எங்கள் குழுவில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா அந்தக் கூட்டத்தில் நனைந்துகொண்டே நின்றவராம். தூறலைப் பார்த்து யாராவது வீட்டுக்குத் திரும்பப் பார்த்தால் தாத்தா அந்தக் கதையை எடுத்துவிடுவார். கட்சி வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் கேட்போம்.

மழையைப் படிக்கப் பழகுங்கள்

"ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்பது நம் ஊருக்கு அளவெடுத்துத் தைத்த பழமொழி. சென்னையில் வருடத்துக்கு ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பது. ஆடி, ஆவணியில் மழை பெரும்பாலும் சாயங்காலமோ ராத்திரியோ இடியோடு வந்துபோகும், காலையில் தரை காய்ந்திருக்கும். பருவமழை அப்படியில்லை. மேகம் கடலிலிருந்து கிளம்பி வருவதால் கரையோரத்தில் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் பெய்யும். நாம் பூங்காவுக்குக் கிளம்புகிற நேரமும் அதுதான். அதனால் மழையே வராது என்று எண்ணிக்கொண்டு கிளம்பாதீர்கள். வந்தால் என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

எங்கள் குழுவில் நாங்கள் பின்பற்றுவது இது. முந்தின நாள் ராத்திரி செய்தியில் என்ன நிறத்தில் எச்சரிக்கை என்று பார்த்துக்கொள்வோம். செய்தியில் சொல்லும் பெயர்களுக்கு அளவு இது: 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள் எச்சரிக்கை என்றால் குடையோடு வருவோம். ஆரஞ்சு என்றால் விடிந்த பிறகு வாசலைப் பார்த்து முடிவு செய்வோம். சிவப்பு என்றால் யாரும் கிளம்பக் கூடாது, வீராப்புக்கு இடமில்லை. புயல் நாட்களில் மாநகராட்சியே பூங்காக்களை மூடிவிடுவதும் உண்டு.

காலையில் எழுந்ததும் வானிலைத் துறையின் இணையதளத்தில் ரேடார் படத்தைப் பாருங்கள். அந்த ரேடார் வேறெங்கோ இருப்பதல்ல, நம் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து மேலே இருக்கிறது. கடல் பக்கம் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுகள் தெரிந்து, ஒவ்வொரு படத்திலும் கரையை நெருங்கி வந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். பெரும்பாலும் ஒரு பாட்டம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். ஒரே வாரத்தில் இது உங்களுக்குக் கைவந்துவிடும்.

நேரத்திலும் சின்ன மாற்றம் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் சூரியன் 6 மணிக்கு உதித்தால், டிசம்பர் கடைசியில் 6.30 ஆகிவிடும். மேகமூட்டம் வேறு. கோடையில் 5.15-க்கு ஆரம்பிக்கிற நாங்கள் மழைக்காலத்தில் 5.45-க்குத்தான் ஆரம்பிப்போம். இருட்டில் தேங்கிய தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

என்ன எடுத்துப் போவது

அதிகம் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு சின்னத் துண்டு, மாற்று டி-ஷர்ட் அல்லது மேல்சட்டை, போனுக்கு ஒரு கவர். மழைக்கோட்டைவிடக் குடை நல்லது, ஏனென்றால் வழியில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் குழுவில் பாதி நட்பு ஒரே குடையில் நடந்து உண்டானது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இரண்டு மிட்டாயை எப்போதும் பையில் வைத்திருங்கள். வீசிங் உள்ளவர்கள் இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வரவே கூடாது. ஈரக் காற்று சில நாள் நெஞ்சைப் பிடிக்கும்.

காலுக்கு ஷூ. செருப்போடு வருபவர்கள் பாதிப் பேர், நானும் முதல் வாரம் செருப்பில்தான் போனேன். ஆனால் ஈரத் தரையில் செருப்பு சட்டென்று வழுக்கும். விலை உயர்ந்தது தேவையில்லை, அடிப்பாகத்தில் நல்ல வரிப்பள்ளம் இருக்க வேண்டும், அது தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். நனைந்த ஷூவை வெயில் இல்லாத நாளில் எப்படிக் காயவைப்பது என்று கேட்பார்கள். உள்தட்டை வெளியே எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபேன் காற்றில் வையுங்கள். சாயங்காலம் ஒரு தடவை தாளை மாற்றினால் மறுநாள் காலைக்குப் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

பெண்கள் உடையைப் பற்றித் தயங்கிக்கொண்டே வராமல் இருப்பார்கள். எங்கள் குழுவில் சுடிதார் உண்டு, புடவை உண்டு, நைட்டி மேல் துப்பட்டா உண்டு, ட்ராக் பேன்ட் உண்டு, பர்தாவும் உண்டு. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. புடவை கட்டுபவர்கள் மட்டும் மழை நாளில் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் நிற்கிற மாதிரி ஏற்றிக் கட்டுங்கள். ஈரமான ஓரம் காலில் சுற்றி இடறிவிடும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ட்ராக் பேன்ட் மலிவாகவே கிடைக்கும், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

முதல் நாள்

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கூட்டத்தில் யார் எண்ணிக்கை சொல்கிறாரோ, அவரிடம் போய்ப் பேசுங்கள். எங்கள் குழுவில் அவரை மாஸ்டர் என்போம். பதவி ஒன்றும் கிடையாது, முப்பது வருடம் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், விடியற்காலையில் எழும் பழக்கம் அவரை விடவில்லை. அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். பெயர், தெரு, உடம்பில் என்ன தொந்தரவு. மூன்றாவதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். முதுகு வலி உள்ளவர் குனிந்து விரலைத் தொட முயற்சி செய்து மூன்று வாரம் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே சொல்லியிருந்தால் மாஸ்டர் அவரை அந்தப் பயிற்சியின்போது சும்மா நிற்கச் சொல்லியிருப்பார்.

நான் போன முதல் நாள் நடந்தது அப்படியே நினைவிருக்கிறது.

"எங்கருந்து வர்றீங்க?"

"பேரக்ஸ் ரோடு பக்கம் சார்."

"சாரெல்லாம் வேணாம்மா, அண்ணான்னு கூப்பிடு. நம்ம ஏரியாதானே. பயிற்சி எதாச்சும் பண்ணிருக்கியா?"

"இல்லண்ணா."

"ரொம்ப நல்லது. தப்பாப் பழகுனத மாத்துறதுதான் கஷ்டம். இப்படி ரெண்டாவது வரிசைல நில்லு."

கூப்பிடும் முறை இங்கே முக்கியம். முதல் நாள் எல்லோரும் சார், மேடம்தான். இரண்டாம் வாரத்தில் அது அண்ணா, அக்கா, தம்பி, பாய், தாத்தா என்று தானாக மாறும். அவர்களே மாற்றிச் சொல்லும்வரை நீங்கள் காத்திருங்கள். வயதில் பெரியவர்களை வாங்க, போங்க என்று மரியாதையோடு பேசுங்கள். அவர்கள் உங்களை "வா, போ" என்றால் கோபப்படாதீர்கள், நம் பக்கத்தில் அதுதான் உரிமை.

இரண்டாவது வரிசையில் நிற்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. புதியவர்கள் கூச்சத்தில் கடைசி வரிசைக்குத்தான் போவார்கள். மழைக்காலத்தில் கடைசி வரிசை கூரை விளிம்பில் இருக்கும், சொட்டுகிற தண்ணீர் முதுகில் விழும், தரையும் ஈரம். இரண்டாவது வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவரைப் பார்த்துச் செய்யலாம், நனையவும் மாட்டீர்கள். கைகளை விரித்தால் பக்கத்தவர் மேல் படாத இடைவெளி வேண்டும். இடம் போதாவிட்டால் நேராக நிற்காமல் சற்றுக் கோணமாகத் திரும்பி நில்லுங்கள், அதே இடத்தில் இன்னும் ஐந்து பேர் நிற்கலாம்.

எண்ணிக்கை

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். எங்கள் குழுவில் ஒவ்வொரு பயிற்சியையும் பத்து எண்ணிக்கை செய்வோம், ஒவ்வொரு பத்தையும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். அவரவர் மொழியில் சொல்லலாம். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் அக்கா "ஒக்கட்டி, ரெண்டு, மூடு" என்பார். பாய் உருதுவில் "ஏக், தோ, தீன்" என்பார். பெரம்பூரில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி "ஒன், டூ" என்று பள்ளிக்கூட டிரில் மாதிரி முழங்குவார். மற்ற எல்லோரும் கூடவே சொல்வோம். நான் தெலுங்கில் பத்து வரை எண்ணக் கற்றுக்கொண்டது கைகளைச் சுழற்றிக்கொண்டேதான்.

புதியவரின் முறை இரண்டாம் வாரத்தில் வரும். மழை கூரையில் அடிக்கிற சத்தத்துக்கு மேல் உங்கள் குரல் கேட்க வேண்டும். நான் முதல் தடவை எண்ணியபோது ஆறோடு தொண்டை அடைத்துவிட்டது. "ஏழு" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அன்றைக்குத்தான் நான் குழுவில் சேர்ந்ததாக இன்றும் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் முறை வரும்போது மறுக்காதீர்கள். உரக்க எண்ணினால் மூச்சை அடக்கிக்கொண்டு பயிற்சி செய்யும் தவறும் தானாகப் போகும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது நல்லது.

மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது

நடைப்பாதை போச்சு, எட்டு வடிவப் பாதை போச்சு. வெளியே இருக்கும் இரும்புக் கருவிகள் பக்கம் போகாதீர்கள், கைப்பிடி ஈரமானால் நழுவும். கூழாங்கல் பாதை நனைந்திருந்தால் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சின்னக் கீறல் விழுந்தால்கூடத் தெரியாது.

கூரைக்கு அடியில் நின்ற இடத்திலேயே முக்கால் மணி நேரத்தை நிரப்பலாம். கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்று மேலிருந்து கீழாக மெதுவாகச் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள். மழைநாளில் மூட்டுகள் இறுகியிருக்கும், அதனால் கோடையில் ஐந்து நிமிடம் என்றால் இப்போது பத்து நிமிடம். அடுத்து, நின்ற இடத்திலேயே நடை, முழங்காலை இடுப்பு வரை தூக்கி. பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. பெஞ்சில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, இதில் பத்து செய்தால் தொடை பேசும். சுவரில் கை ஊன்றித் தண்டால். கடைசியாக ஒற்றைக்காலில் நிற்பது. வயதானவர்களுக்கு நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான், விழாமல் காப்பாற்றுவது இந்தச் சமநிலைதான். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது இப்படிச் சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எங்கள் குழுவில் இதை இரண்டிரண்டு பேராகச் செய்வோம். ஒருவர் ஒற்றைக்காலில் நிற்க, மற்றவர் தோளைத் தொடாமல் கையைப் பக்கத்தில் வைத்துக் காவல் நிற்பார். புதியவரோடு ஒரு பழைய ஆளைத்தான் ஜோடி சேர்ப்போம்.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. ஐந்து நாள், அரை மணி நேரம். மழையில் இரண்டு நாள் போனாலும் மீதி நாளில் ஈடுகட்டிவிடலாம், பதற வேண்டாம்.

பயிற்சியே செய்ய முடியாத நாளும் வரும். சாரல் உள்ளே அடித்து நிற்கவே இடம் இருக்காது. அப்போதும் வந்தவர்கள் வந்தவர்கள்தான். குடையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசிவிட்டுக் கலைவோம். புதியவர்கள் இதை வீண் என்று நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் எழுந்து கதவைத் திறந்து வெளியே வரும் பழக்கம் அறுந்துவிடாமல் இருப்பதற்கு அந்தப் பத்து நிமிடம் போதும்.

வழுக்கல், இடி, மின்சாரம்

சேர்ந்த இரண்டாம் வருடம் கார்த்திகையில் நான் விழுந்தேன். பளபளப்பான டைல்ஸ் பதித்த பாதை, மேலே கண்ணுக்குத் தெரியாத பாசி. வேகமாகத் திரும்பினேன், அவ்வளவுதான். நாலு பேர் ஓடி வந்து கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார்கள். துறைமுகத் தாத்தாதான் தடுத்தார். "இழுக்காதீங்க. எங்க வலிக்குதுன்னு அவங்க சொல்லட்டும். அவங்களா எழுந்திரிக்கட்டும்." எனக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் அவர் நனைந்து நின்றார். மணிக்கட்டில் சுளுக்கு மட்டும்தான். அன்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். விழுந்தவரை உடனே தூக்காதீர்கள். இடுப்போ தொடையோ வலிக்கிறது, காலை அசைக்க முடியவில்லை என்றால் அப்படியே விட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுவாங்கல் வந்தாலும் அதே 108தான், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடக்க விடாதீர்கள். நடக்கும்போது பாசி பச்சையாகவோ கறுப்பாகவோ தெரிந்தால் ஓரமாக மண்ணில் நடந்து போங்கள். மழைத்தண்ணீரில் அடியெடுத்து வைக்கும்போது அடியைச் சின்னதாக்குங்கள்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் நெருக்கத்தில் இருக்கிறது, சுவர் உள்ள கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். நாலு தூண் மேல் கூரை போட்ட மண்டபம் மழைக்கு நல்லது, இடிக்குப் போதாது. மரத்தடி கூடவே கூடாது. காற்று வேகமாக இருந்தாலும் மரத்தடி வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

பூங்கா விளக்குக் கம்பம், தெருவோர மின்பெட்டி, இவற்றைத் தண்ணீர் சூழ்ந்திருந்தால் சுற்றிப் போங்கள். தொங்கும் ஒயரைப் பார்த்தால் அங்கேயே ஒருவர் நின்று மற்றவர்களைத் தடுக்க வேண்டும், இன்னொருவர் மின்வாரியத்தின் மின்னகம் புகார் மையத்துக்குச் சொல்ல வேண்டும். எண் 94987 94987. தண்ணீர் தேக்கம், விழுந்த கிளை என்றால் மாநகராட்சியின் 1913. இரண்டு எண்ணையும் இன்றே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனதும்

கால். சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். சேற்றுப்புண் வருவது அங்கேதான். காலில் புண் இருக்கும்போது தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். மழைத்தண்ணீரில் நடந்து சில நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி என்று வந்தால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டெங்கு கொசு பகலில் கடிப்பது, விடிந்த பிறகுள்ள சில மணி நேரத்தில் அதிகம். முழுக்கை, முழுக்கால் உடை நல்லது. பூங்காவில் தேங்காய் ஓடு, பிளாஸ்டிக் கப் கிடந்தால் கவிழ்த்துவிட்டு வாருங்கள். எங்கள் குழுவில் வெள்ளிக்கிழமைதோறும் கடைசி ஐந்து நிமிடம் அதற்குத்தான்.

வாட்ஸ்அப் குழுவும் வாசல் படமும்

ஒரு வாரம் வந்ததும் உங்களைக் குழுவில் சேர்ப்பார்கள். மழைக்காலத்தில் அதன் வேலை ஒன்றுதான். பூங்காவுக்கு எதிரில் குடியிருக்கும் டெய்லர் அக்கா 5 மணிக்கு வாசலைப் படம் எடுத்துப் போடுவார். கீழே "தண்ணி இல்ல, வாங்க" அல்லது "கணுக்கால் அளவு, வராதீங்க." அதற்குப் பதிலாக வருகிறேன், வரவில்லை என்று ஒரு வார்த்தை போட வேண்டும். அதுகூடப் போடாமல் இரண்டு நாள் வராவிட்டால் யாராவது போன் செய்வார்கள். போன் எடுக்காவிட்டால் வீட்டுக்கே வருவார்கள். ஆரம்பத்தில் இது சிலருக்குத் தொல்லையாகத் தெரியும். தனியாக இருக்கும் பெரியவர்கள் உள்ள குழுவில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. காலை வணக்கப் படமும், உறுதிப்படுத்தாத வெள்ளச் செய்தியும் அதில் போடாதீர்கள். வாசல் படம் அடியில் போய்விடும்.

சேர்ந்ததும் இன்னொரு பட்டியலிலும் உங்கள் பெயரைக் கொடுங்கள். தரைத்தளமா மாடியா, ரத்த வகை, வீட்டில் உள்ள ஒருவரின் எண், தினமும் எடுக்கும் மருந்து. இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயலின்போது 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, போன் உயிரை விட்டுவிட்டது. ஊரெங்கும் பாலுக்கு அலைந்த நாட்கள். மூன்றாம் நாள் காலையில் யாரோ கீழே நின்று கூப்பிட்டார்கள். "பேரக்ஸ் ரோடு அக்கா, இருக்கியா?" எட்டிப் பார்த்தால் டெய்லர் அக்காவும் மாஸ்டரும். கையில் இரண்டு பால் பாக்கெட், ஒரு பவர் பேங்க். யார் வீட்டில் ஆள் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு இன்சுலின் தீர்ந்துபோகும் என்று அவர்கள் நினைவிலிருந்தே ஒவ்வொரு வீடாக வந்திருந்தார்கள். அதில் ஒருவரின் வீட்டை மறந்துபோனார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் மாஸ்டருக்கு அது இன்றும் ஆறவில்லை. அதற்குப் பிறகுதான் பட்டியல். இப்போது எச்சரிக்கை வந்த உடனே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு மேல்மாடிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்வோம். ஆளுக்கு இரண்டு வீடு. உங்களுக்கும் இரண்டு வீடு ஒதுக்குவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

டீ, பணம், அரசியல்

பயிற்சி முடிந்ததும் சுக்குமல்லிக் காபியோ டீயோ குடிக்கப் போவார்கள். நேரம் இல்லை என்றாலும் வாரத்தில் ஒரு நாளாவது கூடப் போங்கள். முதல் தடவை உங்களுக்கு யாராவது வாங்கித் தருவார்கள், அடுத்த வாரம் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். கணக்கு அவ்வளவுதான்.

வேறு பணம் வேண்டாம். தார்ப்பாய், துடைப்பம் என்று பொதுச் செலவு வந்தால் ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம், போட முடியாதவரைக் கேட்க மாட்டோம். ஆனால் சீட்டு, கைமாற்று, சங்கிலித் தொடராக ஆள் சேர்த்து விற்கும் சத்துமாவு டப்பா, இவற்றுக்கு இடம் கொடுக்காதீர்கள். நல்ல குழுக்கள் உடைந்ததை நான் பார்த்ததெல்லாம் பணத்தால்தான். அரசியல் பேசலாம், நம் ஏரியாவில் பேசாமல் இருக்கவும் முடியாது. ஆனால் டீக்கடையில். பயிற்சி வரிசையில் வேண்டாம்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் புகை மூட்டம் இருந்தால் வீசிங் உள்ளவர்கள் வர வேண்டாம். போகிக்கும் அப்படித்தான், எங்கள் குழுவில் அன்று எல்லோருக்கும் விடுமுறை. பொங்கலன்று யாரும் வர மாட்டார்கள். மாட்டுப் பொங்கல் காலை 5.45-க்கு மறுபடியும் கூடுவோம். அதற்குள் மழை விட்டிருக்கும், தைக்குக் காத்திருந்தவர்கள் வாசலில் தயங்கி நிற்பார்கள். நீங்கள் போய் அவர்கள் பெயரையும் தெருவையும் கேட்டு, இரண்டாவது வரிசையில் உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.